உங்களுக்குத் தெரியுமா? நுரையோடு ஏறிவரும் கூளம்

செம்பு, ஈயம், துத்தநாகம், பிளாட்டினம் என்று இன்று பூமியிலிருந்து புதிதாக எடுக்கப்படும் உலோகங்களில் பெரும்பங்கு, ஏதோ ஒரு கட்டத்தில் நுரையாக மிதந்து வந்ததுதான். தாதுக்கல்லை மாவாக அரைத்துத் தண்ணீரில் கலக்கி, மருந்து சேர்த்துக் காற்றை ஊதினால், உலோகம் உள்ள துகள்கள் குமிழில் ஒட்டி மேலே வரும். வேண்டாத கல் அடியில் தங்கும். பள்ளி வேதியியலில் நுரை மிதப்பு முறை என்று இரண்டு வரியில் படித்துக் கடந்திருப்போம். ஆனால் அந்த வேண்டாத கல், அதாவது தாதுக்கூளம், சொன்னபடி அடியில் தங்குவதில்லை. அது எந்த வழியில் மேலே வருகிறது, அதை எப்படித் தடுக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

✦

குமிழில் ஒட்டாமலே மேலே வரும்

குவார்ட்ஸ் துகளுக்குத் தண்ணீரைப் பிடிக்கும். அதன் மேற்பரப்பு எப்போதும் நனைந்தே இருக்கும். காற்றுக்குமிழ் வந்து மோதினாலும் இடையில் உள்ள நீர்ப்படலம் விலகாது. குமிழ் வழுக்கிப் போய்விடும். ஆனாலும் வழித்தெடுத்த நுரையைக் காயவைத்துச் சோதித்தால் அதில் குவார்ட்ஸ் இருக்கும்!

அது குமிழில் ஏறி வரவில்லை. குமிழுக்கும் குமிழுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரில் வந்தது. அரிசி களைந்து கழுநீரைச் சாய்க்கும்போது தவிடும் பொடி நொய்யும் நீரோடு போய்விடுகின்றன அல்லவா? அவை எதையும் பிடித்துக்கொண்டு போவதில்லை. நீர் போன பக்கம் போகின்றன. நுரைத் தொட்டியிலும் அதுவேதான் நடக்கிறது.

கூளம் இப்படி வந்ததா, குமிழில் ஒட்டி வந்ததா என்று பிரித்தறிவதில்தான் இந்தத் தொழிலின் சூட்சுமமே இருக்கிறது. ஒட்டி வரும் துகளை மருந்து போட்டு அடக்கலாம். நீரோடு வரும் துகளை எந்த மருந்தாலும் நேராக அடக்க முடியாது. ஏற்கெனவே நனைந்த துகளை இன்னும் நனைக்க என்ன இருக்கிறது? அங்கே நீரைத்தான் கட்டுப்படுத்த வேண்டும். நோய் எதுவென்று தெரியாமல் மருந்தைக் கூட்டிக்கொண்டே போகும் ஆலையில் செலவு ஏறும், தரம் ஏறாது.

✦

10 மைக்ரான் விட்டமுள்ள குவார்ட்ஸ் துகள் ஒன்று அசையாத தண்ணீரில் ஒரு சென்டிமீட்டர் இறங்க ஏறக்குறைய 2 நிமிடம் ஆகும். (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) 100 மைக்ரான் துகளோ அதே தூரத்தை ஒன்றிரண்டு நொடியில் கடந்துவிடும். விட்டம் பத்தில் ஒன்றானால் இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகிறது. ஸ்டோக்ஸ் விதி சொல்வது இதைத்தான். பருமனான கல்துகள் நுரைக்குள் நுழைந்தாலும் சீக்கிரம் கீழே விழுந்துவிடும். பொடித்துகள் இறங்கத் தொடங்குவதற்குள் நுரை தொட்டியின் விளிம்பைத் தாண்டிவிடும். ஆலைகளில் 50 மைக்ரானுக்குக் குறைவான கூளத்தைக் கண்டு அஞ்சுவதும், 10 மைக்ரானுக்குக் கீழே போனால் அதைத் தண்ணீராகவே கணக்கில் கொள்வதும் இதனால்தான்.

✦

தண்ணீராகவே கணக்கில் கொள்வது என்பது வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல. தொட்டியில் உள்ள தண்ணீரில் 10 சதவீதம் நுரையோடு வெளியேறினால், மிக நுண்ணிய கூளத்திலும் கிட்டத்தட்ட 10 சதவீதம் வெளியேறும். வெளியேறிய நீரை ஓர் அச்சிலும் வெளியேறிய கூளத்தை இன்னோர் அச்சிலும் வைத்துப் புள்ளியிட்டால், பெரும்பாலும் நேர்கோடு கிடைக்கும்.

அந்த நேர்கோட்டை வைத்து ஓர் அழகான சோதனை செய்யலாம். 1985இல் வாரன் என்ற ஆய்வாளர் விளக்கிய முறை இது. ஒரே தாதுவை எடுத்து, நுரையை வழிக்கும் வேகத்தையும் நுரையின் உயரத்தையும் மட்டும் மாற்றி மாற்றிப் பல முறை மிதக்கவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் வந்த நீரையும் துகளையும் அளந்து கோடு வரைந்து, நீர் பூஜ்யமாகும் இடம் வரை அதை நீட்ட வேண்டும். கோடு அங்கே பூஜ்யத்தைத் தொட்டால், வந்த துகள் முழுவதும் நீரோடு வந்தது. பூஜ்யத்துக்கு மேலே முடிந்தால், அந்த அளவு துகள் உண்மையிலேயே குமிழில் ஒட்டி வந்திருக்கிறது. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. தராசும் பொறுமையும் போதும்.

✦

வேண்டாத கல்லே குமிழ் தந்த கதை

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள புரோக்கன் ஹில். 1883இல் சார்லஸ் ராஸ்ப் என்ற பண்ணைத் தொழிலாளி அங்கே தாதுவைக் கண்டுபிடித்தார். ஈயம், வெள்ளி, துத்தநாகம் மூன்றும் சேர்ந்திருந்த மாபெரும் படிவு. ஈயத் தாது கனமானது என்பதால் நீரில் அலசியே பிரித்துவிட்டார்கள். துத்தநாகத் தாதுவை அப்படிப் பிரிக்க முடியவில்லை. அதோடு கலந்திருந்த ரோடோனைட், கார்னெட் போன்ற வேண்டாத கனிமங்களும் ஏறக்குறைய அதே கனம். கனத்தை வைத்துப் பிரிக்கும் எந்தக் கருவிக்கும் அவற்றுக்குள் வேற்றுமை தெரியவில்லை. துத்தநாகம் நிறைந்த கழிவு, மேடு மேடாகப் பல லட்சம் டன் குவிந்தது.

1900களின் தொடக்கத்தில் இருவர் தனித்தனியே ஒரே வழியைக் கண்டார்கள். ஒருவர் சார்லஸ் பாட்டர், மெல்பர்னில் பீர் வடிப்பவர். மற்றவர் கியோம் டெல்பிராட், ஹாலந்தில் பிறந்தவர், புரோக்கன் ஹில் புரொப்ரைட்டரி நிறுவனத்தின் பொது மேலாளர். கழிவைச் சூடான அமிலக் கரைசலில் போட்டால், அதிலுள்ள கால்சைட் போன்ற கார்பனேட் கனிமங்கள் அமிலத்தோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிவிடும். அந்த வாயுக் குமிழ்கள் துத்தநாகத் தாதுத் துகளில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும்; சிலிகேட் கல் அடியிலேயே கிடக்கும். வெளியிலிருந்து காற்றை ஊத வேண்டிய தேவையே இல்லை.

யோசித்துப் பாருங்கள். கூளத்தின் ஒரு பகுதி கரைந்து குமிழ் கொடுக்க, இன்னொரு பகுதியிலிருந்து தாது பிரிந்து வந்திருக்கிறது. நுரை மிதப்பு முறையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

அந்தக் கழிவு மேடுகளை வாங்கித் துத்தநாகம் எடுப்பதற்காகவே 1905இல் தொடங்கப்பட்டது சிங்க் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஹூவர் என்ற சுரங்கப் பொறியாளர். பின்னாளில் அமெரிக்காவின் குடியரசுத் தலைவர் ஆனாரே, அவர்தான். இன்றைய ரியோ டின்டோ குழுமத்தின் வேர்களில் ஒன்று அந்த நிறுவனத்தில் இருக்கிறது.

✦

தொட்டியில் நுரைக்கு அடியிலுள்ள கூழிலிருந்து, அதாவது கல்மாவு கலந்த நீரிலிருந்து, நுரைக்குள் கூளம் எப்படி நுழைகிறது? மூன்று விளக்கங்கள் உண்டு. குமிழைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் ஒன்று கூடவே ஏறுகிறது, துகள் அதில் வருகிறது என்பது முதலாவது. குமிழின் பின்னால் சுழலும் நீர் துகளை இழுத்துவருகிறது என்பது அடுத்தது. மூன்றாவது விளக்கம்: குமிழ்கள் கூட்டமாக நுரையின் அடிப்பகுதியில் வந்து முட்டும்போது, அவற்றுக்கு இடையே அகப்பட்ட நீர் கீழே இறங்க நேரமில்லாமல் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. 1989இல் ஸ்மித்தும் வாரனும் சேர்ந்து எழுதிய கட்டுரை இந்த மூன்றாவதை முன்வைத்தது. ஒரு தொட்டியில் எத்தனை குமிழ்கள் நெருக்கியடித்து ஏறுகின்றன என்று பார்த்தால், எனக்கும் மூன்றாவதுதான் பொருத்தமாகத் தெரிகிறது.

✦

நுரைக்குள் ஒரு வடிகால்

நுரை என்பது குமிழ்க் கூட்டம் மட்டுமல்ல. குமிழ்களுக்கு நடுவே ஓடும் வாய்க்கால்களின் வலையும்கூட. மூன்று குமிழ்ச் சுவர்கள் சந்திக்கும் விளிம்பில் நீர் ஓடும் நுண்ணிய வழி ஒன்று உருவாகும். அதற்குப் பிளாட்டோ விளிம்பு என்று பெயர். பெல்ஜிய நாட்டு இயற்பியலாளர் ஜோசப் பிளாட்டோவின் பெயர் அது. பார்வையை முழுவதும் இழந்த பிறகும், பிறர் கண்ணால் பார்த்துச் சொல்லச் சொல்லச் சோப்புப் படலங்களை ஆராய்ந்தவர் அவர். சுவர்கள் மூன்று மூன்றாக 120 டிகிரி கோணத்தில் சந்திக்கும் என்ற விதி அவருடையது.

கூளத்தின் தலையெழுத்து இந்த வாய்க்கால்களில்தான் எழுதப்படுகிறது. நீர் வடிந்தால் அதோடு கூளமும் வடிந்து கூழுக்குத் திரும்பும். ஒட்டிய தாது குமிழ்ச் சுவரிலேயே இருக்கும். நுரையின் உயரத்தைக் கூட்டினால் நீர் வடிய நேரம் கிடைக்கிறது, தரம் உயர்கிறது. காற்றைக் கூட்டினால் நீர் வடிவதற்குள் நுரை மேலேறி வழிகிறது, கூளம் கூடுகிறது.

இரண்டு குமிழ்கள் உடைந்து ஒன்றாகும்போது ஒட்டியிருந்த தாதுவும் உதிரும். ஆனால் உதிர்ந்த தாது கீழே போகும் வழியில் இன்னொரு குமிழைப் பற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. கூளத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. நுரை தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்வது இப்படித்தான்.

✦

நுரை கெட்டியாகி, தாது படிந்த குமிழ்கள் நெருங்கி அடைத்துக்கொண்டால், பருமனான கல்துகள்கூட நடுவில் மாட்டிக்கொள்ளும். இது நீரோடு வருவதிலிருந்து வேறு, சிறைப்படுதல். மேலிருந்து தண்ணீர் தெளித்தால் விடுதலை.

✦

அந்தத் தெளிப்பை ஒரு தொழில்நுட்பமாகவே வளர்த்தார்கள் கனடாவில். 1960களின் தொடக்கத்தில் பூத்தான், திரம்ப்ளே இருவரும் உயரமான குழாய் வடிவத் தொட்டிக்குக் காப்புரிமை பெற்றார்கள். உள்ளே சுழலி கிடையாது. கீழிருந்து காற்று, மேலிருந்து நுரையின் மீது சுத்தமான கழுவுநீர். நுரையோடு வெளியேறும் நீரைவிடத் தெளிக்கும் நீர் சற்று அதிகமாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அப்போது நுரைக்குள் நீரின் ஓட்டம் மொத்தத்தில் கீழ்நோக்கி அமைந்துவிடும். கூழிலிருந்து வந்த அழுக்கு நீர் கீழே தள்ளப்பட்டு, அதன் இடத்தைச் சுத்த நீர் பிடித்துக்கொள்ளும். நீரோடு வரும் கூளத்துக்கு நீராலேயே வழியடைப்பு! கனடாவின் கியூபெக் மாநிலத்தில் காஸ்பே சுரங்கத்தில் 1980களின் தொடக்கத்தில் மாலிப்டினம் பிரிப்பதற்கு இதை நிறுவினார்கள். பிறகு உலகமெங்கும் பரவியது.

1980களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரேம் ஜேம்சன், மவுண்ட் ஐசா சுரங்க நிறுவனத்துக்காக இன்னொரு தொட்டியை உருவாக்கினார். கூழும் காற்றும் ஒரே குழாயில் பாய்ந்து கலக்கும். மிக நுண்ணிய குமிழ், குறைந்த உயரம், மேலே அதே கழுவுநீர். நிலக்கரிப் பொடியிலிருந்து களிமண்ணைக் கழுவி விலக்க இது பெரிதும் பயன்படுகிறது. எரிந்தபின் மிஞ்சும் சாம்பலில் நுரையோடு ஏறிய களிமண்ணின் பங்கும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

✦

தெற்கு ஆஸ்திரேலியாவின் பிராமினன்ட் ஹில் செம்புச் சுரங்கத்திலும் ஜேம்சன் தொட்டியைப் பொருத்தினார்கள். காரணம் செம்பு அல்ல, ஃபுளோரின். அது கூளத்தில் இருக்கிறது. அந்தக் கூளம் நுரையோடு ஏறி உருக்காலைக்குப் போனால், ஃபுளோரின் வாயுவாக மாறி அமில ஆலையின் உள்பூச்சையும் வினையூக்கியையும் அரிக்கும். அதனால் உருக்காலைகள் ஃபுளோரின் ஒரு வரம்பைத் தாண்டினால் அபராதம் போடும்; அதற்கும் மேலே போனால் சரக்கை வாங்கவே மறுக்கும்.

✦

கனமான கல் பொடியாகும் விபரீதம்

உலகின் பிளாட்டினத்தில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் பாறைத்தொகுதியிலிருந்து வருகிறது. அங்கே யூஜி2 என்று ஓர் அடுக்கு. தடிமன் ஒரு மீட்டர் அளவில்தான். ஒரு டன் கல்லில் பிளாட்டினமும் அதன் உறவு உலோகங்களும் சேர்ந்து சில கிராம். மீதியில் பெரும்பங்கு குரோமைட் என்ற கருங்கனிமம்.

குரோமைட் குமிழில் ஒட்டாது. நுரையில் அது இருக்கிறது என்றால் முழுக்க முழுக்க நீரோடு வந்ததே. கனமான கனிமம், சீக்கிரம் இறங்கிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கனம்தான் வினை. அரைத்த கூழை நைஸ், பரும் என்று பிரிக்கும் சைக்ளோன் கருவி, துகளின் அளவை மட்டும் பார்ப்பதில்லை. எடையையும் சேர்த்தே பார்க்கிறது. போதுமான அளவு அரைபட்ட குரோமைட்டையும் கனமாக இருக்கிறதே என்று பரும் பக்கம் தள்ளிவிடும். அது திரும்ப ஆலைக்குள் போய் இன்னும் அரைபடும். சுற்றிச் சுற்றி அரைபட்டுக் கடைசியில் வெளியே வரும்போது, நீரோடு ஏறிவிடும் அளவுக்குப் பொடியாகியிருக்கும்.

உருக்கு உலையில் இந்தக் குரோமைட் சுலபத்தில் உருகாது. கசடுக்கும் உலோகச் சல்பைடு உருகலுக்கும் நடுவில் திடப்பொருளாகப் படிந்து, உலையின் கொள்ளளவைத் தின்னும். அதனால்தான் நுரையில் குரோமியம் ஆக்சைடை ஏறக்குறைய 3 சதவீதத்துக்குள் அடக்கப் படாதபாடு படுகிறார்கள். பல ஆலைகளில் கொஞ்சம் அரை, மிதக்கவிடு, மீதியை இன்னும் கொஞ்சம் அரை, மறுபடி மிதக்கவிடு என்று இரண்டு கட்டமாகச் செய்வதும் ஒரேயடியாக அரைத்துப் பொடியாக்கிவிடக் கூடாது என்ற கவலையால்தான்.

✦

கொத்தவரங்காய்க்கும் பிளாட்டினத்துக்கும் என்ன உறவு?

நெருங்கிய உறவு. கூளத்தில் எல்லாமே நீர் விரும்பி அல்ல. மாக்கல்லின் முக்கியக் கனிமமான டால்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏடு ஏடாகப் பிரியும். ஏட்டின் முகத்தில் அறுபட்ட பிணைப்பு எதுவும் இல்லாததால் அதில் நீர் ஒட்டாது. ஓரங்களில் மட்டும் ஒட்டும். துகளைக் குமிழில் ஒட்டவைக்கும் சேகரிப்பான் மருந்து எதுவும் இல்லாமலே டால்க் குமிழில் ஏறி ஜோராக மிதந்து வரும். புஷ்வெல்ட் தாதுவில் இந்தத் தொல்லை உண்டு.

இதை அடக்கப் பயன்படும் பொருள்களில் ஒன்று குவார் பிசின். நாம் பொரியலும் பருப்புசிலியும் செய்யும் அதே கொத்தவரைச் செடியின் முற்றிய விதையிலிருந்து எடுக்கும் மாவு. நீரில் கரைந்தால் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளாக விரியும். அந்தச் சங்கிலி டால்க்கின் முகத்தில் படிந்து, நீரை அங்கே இழுத்துப் பிடிக்கும். குமிழ் வந்தால் ஒட்ட இடம் இருக்காது. உலகில் விளையும் குவாரில் மிகப் பெரும்பங்கு இந்தியாவில், அதிலும் ராஜஸ்தானில் விளைகிறது. அந்த வறண்ட நிலத்து உழவர்களின் உழைப்புக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது என்பது பரவலாகத் தெரிய வேண்டும். பருத்தி, மரக்கூழ் இவற்றின் செல்லுலோஸிலிருந்து செய்யும் சி.எம்.சி. என்ற மருந்தும் இதே வேலைக்கு உண்டு.

✦

அப்படியானால் அடக்கும் மருந்தை நிறையப் போட்டு டால்க் முழுவதையும் விரட்டிவிடலாமே? முடியாது. நீர் ஒட்டாத துகள்கள் குமிழ்ச் சுவரில் உட்கார்ந்து நுரைக்கே உறுதி தருகின்றன. பிளாட்டினத் தாதுவில் மதிப்புள்ள கனிமத்தின் அளவு மிகக் குறைவு. அதனால் மட்டும் நுரை நிற்காது. டால்க்கை முற்றாக அடக்கினால் நுரை சரிந்து, பிளாட்டினமும் கைநழுவும். கொஞ்சம் விட்டுவைத்தால் நுரை நிற்கும். ஆனால் உறுதியான நுரை அதிக நீரைச் சுமக்கும், அந்த நீர் குரோமைட்டைச் சுமந்துவரும். ஒரு கூளத்தை அடக்கும் மருந்தின் அளவு, மருந்தே எட்டாத இன்னொரு கூளத்தின் அளவையும் மாற்றிவிடுகிறது.

✦

ராஜஸ்தானில் ராம்புரா அகுச்சா ஈய-துத்தநாகச் சுரங்கத்தின் தாதுப் பாறையில் கிராஃபைட் கலந்திருக்கிறது. கிராஃபைட்டும் நீர் ஒட்டாத கனிமம். ஈயத்தை மிதக்கவிடும்போது முந்திக்கொண்டு வந்து ஈயத்தின் தரத்தைக் குறைத்துவிடும். அங்கே அது கூளம்.

சிவகங்கை மாவட்டத்துக்கு வந்தால் கதை தலைகீழ். தமிழ்நாடு கனிம நிறுவனத்தின் கிராஃபைட் சுரங்கமும் நுரை மிதப்பு ஆலையும் அங்கே இருக்கின்றன. தோண்டி எடுக்கும் கல்லில் கார்பன் ஏறத்தாழ 14 சதவீதம்தான். நுரையில் அதைத்தான் மேலே கொண்டுவர வேண்டும். கிராஃபைட் தாதுக்களில் பொதுவாக ஒரு சிக்கல் உண்டு. கிராஃபைட் மிக மென்மையானது. அரைக்கும்போது குவார்ட்ஸ் துகளின் மேல் பூச்சாக இழுகிவிடும். பூசப்பட்ட குவார்ட்ஸுக்குக் கிராஃபைட்டின் குணம் வந்துவிடும், குமிழில் ஏறி மிதக்கும். அதனால் ஒரே மூச்சில் அரைக்காமல், மென்மையாகத் தேய்த்து மிதக்கவிட்டு, மறுபடி தேய்த்து மிதக்கவிட்டுப் படிப்படியாகத்தான் தூய்மையை ஏற்ற முடியும்.

✦

கூளம் மேலே வருவது ஒரு தொல்லை. தான் வராமலே தாதுவை வரவிடாமல் செய்வது இன்னொன்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கீத் நிக்கல் சுரங்கத்தில் தாதுவைச் சூழ்ந்திருப்பது செர்ப்பன்டைன் என்ற பச்சை நிறக் கனிமம். அரைத்தால் மிக நைஸான சேறாகிவிடும். ஆலை இயங்கும் காரச் சூழலிலும் இதன் துகளுக்கு நேர்மின்னூட்டம். நிக்கல் தாதுவான பென்ட்லாண்டைட்டுக்கு எதிர்மின்னூட்டம். இரண்டும் ஈர்த்துக்கொண்டு, தாதுவின் மேல் சேறு போர்த்திக்கொள்ளும். உள்ளே இருக்கும் நிக்கலை மருந்தும் தொட முடியாது, குமிழும் தொட முடியாது. முன்பு சொன்ன சி.எம்.சி. இங்கே வேறு விதமாக உதவுகிறது: செர்ப்பன்டைன் துகளில் படிந்து அதன் மின்னூட்டத்தை எதிர்மின்னாக்கிவிடும். இரண்டும் ஒன்றையொன்று விலக்கும், சேறு கழன்றுவிடும். செர்ப்பன்டைன் சேறு பென்ட்லாண்டைட்டின் மிதப்பைக் கெடுப்பதை 1980இல் எட்வர்ட்ஸ், கிப்கி, ஏகர் மூவரும் ஆராய்ந்து வெளியிட்டார்கள்.

✦

தானாக வந்த தூண்டல்

ஈயமும் துத்தநாகமும் சேர்ந்த தாதுவில் முதலில் ஈயத்தை மிதக்கவிடுவார்கள். அப்போது துத்தநாகத் தாது, அதாவது ஸ்பேலரைட், வேண்டாத பொருள். அடியில் காத்திருக்க வேண்டும். சேகரிப்பான் மருந்தான சாந்தேட் அதில் சரியாகப் பிடிப்பதில்லை என்பதால் இயல்பாகவே காத்திருக்கும். ஆனால் தாதுவில் கொஞ்சம் செம்புக் கனிமம் இருந்து, மழையிலும் காற்றிலும் ஆக்சிஜனேற்றம் அடைந்திருந்தால், செம்பு அயனிகள் நீரில் கரைந்துவிடும். அவை ஸ்பேலரைட்டின் மேற்பரப்பில் உள்ள துத்தநாகத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். வெளியே பார்ப்பதற்கு அது இப்போது செம்புத் தாது. சாந்தேட் பற்றிக்கொள்ளும், அழையாமலே மிதந்து வரும்.

இதற்கு மருந்தாகத் துத்தநாக சல்பேட்டையும் சயனைடையும் சேர்க்கும் முறைக்கு 1922இல் ஷெரிடனும் கிரிஸ்வோல்டும் காப்புரிமை பெற்றார்கள். சயனைடு அந்தச் செம்பு அயனிகளைக் கட்டிப்போட்டுவிடும். ஈயம் வெளியேறிய பிறகு மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட், சேர்த்து, இப்போது வேண்டுமென்றே ஸ்பேலரைட்டைத் தூண்டி மிதக்கவிடுவார்கள். அரை மணி முன்பு கேடு செய்த அதே வேதிவினை!

✦

பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்து இரும்புச் சுரங்கங்களில் எல்லாம் எதிர்மறை. அங்கே மிதக்கவிடுவதே கூளத்தைத்தான். அமீன் என்ற மருந்து போட்டுக் குவார்ட்ஸை நுரையாக வழித்து எறிந்துவிட்டு, அடியில் இருக்கும் இரும்புத் தாதுவை வைத்துக்கொள்வார்கள். இரும்பை அடக்கிவைப்பது மக்காச்சோள மாவுச்சத்து. நீரோடு இழுபடும் விதி இங்கேயும் மாறாது. நுண்ணிய இரும்புத் துகளும் நுரை நீரோடு போய்க் கழிவில் சேரும். அதனால் மிதக்கவிடுவதற்கு முன்பே ஏறக்குறைய 10 மைக்ரானுக்குக் கீழான சேற்றைச் சைக்ளோன் வைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தச் சேற்றோடு போகும் இரும்பு பெரிய இழப்பு; அதை மீட்கும் ஆய்வுகளுக்கு இன்னும் நிறைய ஆதரவு தர வேண்டும்.

✦

ஒரு முறை மிதக்கவிட்டதில் நுண்கூளத்தில் பத்தில் ஒரு பங்கு ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த நுரையைச் சுத்த நீர் விட்டு நீர்க்கச் செய்து மறுபடி மிதக்கவிட்டால் நூறில் ஒரு பங்கு, மூன்றாம் முறை ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆலைகளில் அடுத்தடுத்து நிற்கும் சுத்திகரிப்புத் தொட்டி வரிசைகளின் கணக்கு இதுதான். நீர்க்கச் செய்வதை விட்டுவிட்டால் கணக்கு பொய்த்துவிடும். எவ்வளவு நீர் ஏறுகிறது என்பதோடு, அந்த நீர் எவ்வளவு கலங்கல் என்பதும் முக்கியம்.

✦

சில துகள்கள் பாதி தாது, பாதி கல். அரைத்தும் பிரியாமல் ஒட்டிக்கிடப்பவை. தாதுப் பக்கம் குமிழைப் பிடித்துக்கொள்ள, கல் பக்கமும் கூடவே வரும். கழுவுநீர் இதற்கு உதவாது. இன்னும் அரைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெக்கார்தர் ரிவர் சுரங்கத்தில் கனிமங்கள் அவ்வளவு நுட்பமாகப் பின்னிக்கிடந்ததால், படிவு கண்டுபிடிக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் தொடாமலே விட்டிருந்தார்கள். ஐசாமில் என்ற நைஸ் அரைவை இயந்திரம் வந்த பிறகு 1995இல்தான் உற்பத்தி தொடங்கியது. அங்கே 80 சதவீதத் துகள்கள் 7 மைக்ரானுக்குக் கீழே போகும் வரை அரைக்கிறார்கள். பிரிக்க வேண்டுமானால் அரைக்க வேண்டும். அரைத்தால் நீரோடு ஏறும். இரண்டுக்கும் நடுவில் வழி கண்டதால் அந்தச் சுரங்கம் இயங்குகிறது.

✦

எதிர்த்திசையில் போகும் முயற்சியும் உண்டு. கல்லை அரைகுறையாக, மணல் பருமனில் அரைத்து, அந்த நிலையிலேயே மிதக்கவிட முடியுமா? பருமனான துகள் வழக்கமான தொட்டியின் சுழற்சியில் குமிழிலிருந்து பிய்ந்து விழுந்துவிடும். அதனால் சுழலியை எடுத்துவிட்டு, கீழிருந்து மேலே மெல்ல ஓடும் நீரில் துகள் படுக்கையை மிதமாகத் தளர்த்தி, அதற்குள் குமிழை விடும் ஹைட்ரோஃப்ளோட் என்ற கருவியை எரிஸ் நிறுவனம் உருவாக்கியது. ஆஸ்திரேலியாவின் கேடியா தங்க-செம்புச் சுரங்கத்தில் 2018இல் அது கழிவுக்கூழிலிருந்து பருமனான செம்புத் தாதுவை மீட்க இயங்கத் தொடங்கியது.

இதை நான் ஆவலோடு கவனித்துவருகிறேன். கல்லை அரைப்பதுதான் தாது ஆலைகளில் மின்சாரத்தை அதிகம் விழுங்கும் வேலை. பருமனாக நிறுத்திக்கொண்டால் அந்த மின்சாரம் மிஞ்சும், நீரோடு ஏறும் பொடியும் குறையும். கழிவிலும் சேறு குறைந்து மணல் கூடும். மணலிலிருந்து தண்ணீர் சீக்கிரம் வடியும். அதைத் திரும்ப ஆலைக்கு எடுத்துக்கொள்ளலாம். சேறோ வருடக்கணக்கில் நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு, அணை கட்டித் தேக்கிவைக்க வேண்டிய சுமையாகக் கிடக்கும்.